பால்குடி மறவாத தேரி

எங்கள் ஊருக்கு வடக்கே மூன்று பனை உயரத்துக்கு நின்ற தேரி, ஆவணி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் ஒரு செம்மறியாட்டின் பின்னால் எழுந்து போனது. போனதை நான் பார்த்தேன். நான் மட்டுமில்லை, உப்பளத்து லாரிக்காக நின்றவர்கள், முருங்கைக்காய் பறிக்கப் போனவர்கள், குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் கத்தவில்லை, ஏனென்றால் அது போன விதம் எங்களுக்கு அவ்வளவு பழக்கமானதாக இருந்தது: கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், தாய் எங்கே என்று தலையைத் தூக்கும், தாய் ஒரு குரல் கொடுத்ததும் மறுபடி ஓடும். பிறந்து நாலு நாளான குட்டி அப்படித்தான் போகும். மலை மாதிரி இருந்த ஒன்று அப்படிப் போனபோது குடத்தோடு நின்ற ஒருத்தி, "ஐயோ, விழுந்திரப் போவுது" என்றுகூடச் சொன்னாள்.

புன்னைமொழி என்று எங்கள் ஊருக்குப் பேர். தெற்கே கடல், கிழக்கே உப்பளம், மேற்கே முருங்கைத் தோட்டங்கள், வடக்கே தேரி. தேரி என்றால் காற்று கூட்டிக் குவித்த செம்மணல் மேடு. கடலோரத்து வெள்ளை மணலைப் போல இல்லாமல் வற்றல் மிளகாய் நிறத்தில் இருக்கும், ஆடிக் காற்றில் கொஞ்சம் நகரும், ஒரு வருஷம் ஒரு பனையைக் கழுத்துவரை மூடும், மறுவருஷம் இடுப்புவரை இறக்கி விடும். அடம்பங்கொடியும் கொழிஞ்சியும் குடைவேல மரமும் மேலே வேர்விட்டுப் பிடித்து வைத்திருந்தவரை அது மணலைப் போலவே நடந்துகொண்டது. எங்கள் பயமும் அளவோடு இருந்தது. கூரையில் மணல் விழுந்தால் பெருக்கித் தள்ளிவிட்டுச் சோற்றைத் தின்றோம்.

பயத்தைச் சொல்வதற்கு முன்னால் தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பில் என் வாயும் இருக்கிறது.

ஆடு வைத்திருக்கும் கோனார்கள் கோடையில் வருவார்கள். பகலெல்லாம் ஆடுகள் தேரியில் மேயும், பொழுது இறங்கியதும் எங்கள் தோட்டத்தில் மூங்கில் பட்டி கட்டி உள்ளே அடைப்பார்கள், அதற்குக் கிடை போடுவது என்று பேர். விடிந்தால் தோட்டம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் ஊறி, குளம்பால் மிதிபட்டு, அந்த மண் வேறு மண்ணாகி இருக்கும். ஒரு வாரம் கிடை கிடந்த தோட்டத்தில் முருங்கை விரல் கனத்துக்குப் பதில் கை கனத்துக்குக் காய்க்கும். மழை இல்லாத அந்த வருஷம் மூன்று மந்தை வரும் இடத்துக்குப் பன்னிரண்டு மந்தைகளைக் கூப்பிட்டோம். எங்கள் ஊர்த் தலைவர் தங்கப்பழம் பக்கத்து ஊர்களுக்குப் போக இருந்த மந்தைகளைக்கூட வழிமறித்துக் கூட்டி வந்தார். ஆடுகள் அடம்பை இலையோடு தின்றன, கொடியோடு தின்றன, கடைசியில் வேரைக் காலால் கிளறித் தின்றன. தேரியில் தின்றதையெல்லாம் எங்கள் தோட்டத்தில் வந்து போட்டன. இத்தனை காலமாக நாங்கள் தேரிக்குத் திருப்பி ஒரு கூடை புழுக்கை போட்டதில்லை, அப்படி ஒரு யோசனையே எங்களுக்கு வந்ததில்லை. ஆவணிக்குள் தேரி மொட்டையாகிவிட்டது.

அந்தப் பன்னிரண்டு மந்தைகளில் ஒன்று ஆவுடைத்தங்கத்தினுடையது. நாற்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, ஆண்களுக்குச் சரியாகக் கம்பு தூக்கி நடப்பாள். ஒரே மகள் கோமுவை எங்கள் ஊரில் உப்பளத்தில் வேலை பார்க்கும் மந்திரமூர்த்திக்குக் கட்டிக் கொடுத்திருந்ததால் வருஷா வருஷம் இங்கே கிடை போடாமல் போகமாட்டாள். அந்த ஆவணியில் கோமுவுக்கு ஏழு மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய கரு. தாய்க்காரி தினமும் சாயங்காலம் வந்து மகள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் பட்டிக்குப் போவாள்.

மந்தையில் நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள ஓர் ஆடு, சுட்டி என்று கூப்பிடுவாள், தேரியடியில் செத்த குட்டி போட்டது. ஆவுடைத்தங்கமே கைவிட்டு இழுத்து எடுத்தாள். குட்டியோடு விழும் நஞ்சுக்கொடியை எங்கள் பக்கம் இளங்கொடி என்போம். மாடு ஈன்றால் அதை ஓலைப்பெட்டியில் வைத்து ஆலமரத்தில் கட்டுவது எல்லாருக்கும் வழக்கம், ஆட்டுக்கும் அப்படிக் கட்டுவது அவள் குடும்பத்து வழக்கம். எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஆலமரம், அம்மன் கோவில் ஆலமரம். கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது, மரத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு என்னுடையது.

"பொன்பாண்டி அண்ணாச்சி, செத்த குட்டியை நான் எங்கனயும் பொதைச்சுக்கிடுதேன். இளங்கொடியை மட்டும் ஒரு விழுதுல கட்டிக்கிடட்டா? பால் வடியிற மரத்துல கட்டலைன்னா ஆகாது" என்று பெட்டியோடு வந்து நின்றாள்.

"கால்நாட்டியாச்சு தாயி. கொடை முடியிறவரை இந்த மரத்துல தீட்டு ஆகாது. எட்டு நாள் பொறுத்துக்கோயேன்."

"எட்டு நாளா? பொழுது சாயறதுக்குள்ள நாய் இழுத்துட்டுப் போயிரும் அண்ணாச்சி."

"அப்போ மணல்ல பொதைச்சிரு. தேரிக்கு என்ன, எதைப் போட்டாலும் வாங்கிக்கிடும்."

அந்த வார்த்தை என்னுடையது.

அவள் செத்த குட்டியையும் இளங்கொடியையும் ஒரே குழியில் தேரியின் வயிற்றில் வைத்து மூடினாள். தண்ணீர் இல்லாததால் கையை மணலாலேயே தேய்த்துக் கழுவினாள். மடி கனத்துப்போன சுட்டி அந்தக் குழியின் மேலேயே நாலு நாள் நின்றது. காம்பிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்தது, விழுந்த இடத்தில் நனைந்த சுவடுகூட இல்லாமல் மணல் குடித்தது. ஐந்தாம் நாள் மந்தை பக்கத்து ஊரான கொம்மட்டிவிளைக்குக் கிடைக்குப் போக வேண்டும். சுட்டியைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்தாள். அது திரும்பிப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது, தேரி எழுந்து கூடப் போனது.

முதலில் எங்களுக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். தேரி எழுந்துபோன இடத்தில் எங்கள் தாத்தாக்கள் காலத்துத் தெரு ஒன்று கிடந்தது, கல் பாவியது, இரண்டு பக்கமும் சாய்ந்த சுவர்கள், ஒரு கிணறு, ஒரு கல்தொட்டி. பிள்ளைகள் நாள் முழுக்க அந்தத் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். தங்கப்பழம் நாடாவைக் கொண்டுவந்து அளந்து, இங்கே சமுதாயக்கூடம், இங்கே தண்ணீர்த் தொட்டி என்று குச்சி நட்டார். கொடையும் நல்லபடி நடந்தது, மைக்செட் மூன்று நாள் ஓயவில்லை. ஒருத்தரும் கொம்மட்டிவிளையை நினைக்கவில்லை.

கொம்மட்டிவிளைக்காரர்கள் பட்டது பெரும்பாடு. தேரிக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, தாயை ஒட்டிப் படுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அதற்கு. தாய்க்கும் அதற்கும் நடுவில் ஒரு வீடு இருந்தால் அது வீட்டின் மேல் படுத்தது. மத்தியானம் வேப்பமரத்தடியில் கட்டிலில் கண்ணயர்ந்த ஒருவர் கண்விழித்தபோது வேப்பங்கிளை மார்பில் இடித்தது, கட்டிலோடு மரத்தின் உச்சிக்குத் தூக்கப்பட்டிருந்தார், இறக்கிய பிறகு பத்து நாள் பேச்சே வரவில்லை. மனு கொடுக்கப் போனார்கள். மேடு எந்த சர்வே எண்ணில் இருக்கிறதோ அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும் என்றார் கிராம நிர்வாக அலுவலர், எழுதி முடிப்பதற்குள் அது அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது. ஒரு மாதத்துக்குள் சுற்றியுள்ள ஏழு ஊர்களும் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு ஆள் நிறுத்தின. மந்தை வந்தால் ஊருக்கே யோகம் என்று வாசலில் தண்ணீர் தெளித்த அதே ஊர்கள், அந்த ஒற்றைப் பெண்பிள்ளையையும் ஆடுகளையும் கண்டதும் தகரத்தைத் தட்டி விரட்டின.

போக இடமில்லாமல் அவள் புரட்டாசியில் திரும்பி வந்தாள். எங்கள் ஊரில் மகள் இருக்கிறாளே என்று பயந்து பயந்து, சுட்டியைத் தேரி பழைய காலத்தில் நின்ற அதே இடத்தில் முளையடித்துக் கட்டினாள். தேரி வந்து தாத்தாக்கள் தெருவின் மேல் உட்கார்ந்தது. தங்கப்பழம் நட்ட குச்சிகள் ஒன்றொன்றாக உள்ளே போனதை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். அன்றைக்கு யாரும் வீட்டில் உலை வைக்கவில்லை.

பயம் என்றால் என்ன என்று நாங்கள் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். சுட்டிக்குப் பால் வற்ற ஆரம்பித்தது. மடியில் பால் குறைந்தால் குட்டி என்ன செய்யும் என்று ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும்: தலையால் மடியை முட்டும். தேரி முட்டியது. முதலில் நாளுக்கு ஒரு தடவை, பிறகு மூன்று தடவை, ஒவ்வொரு முட்டுக்கும் அடுப்பில் பாத்திரம் குலுங்கியது, சுவரில் மாட்டிய படம் சாய்ந்தது, கட்டியிருந்த மாடுகள் சாணத்தை நீராகக் கழித்தன. சுட்டியை இரண்டு முழம் முன்னால் தள்ளிக் கட்டினாள், தேரி இரண்டு முழம் முன்னால் வந்தது. வடக்குத் தெருக்காரர்கள் சமையலைத் தெற்குத் தெருவில் வைத்துக்கொண்டார்கள், கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது, ஒரு முட்டு வந்தால் பேச்சை நிறுத்துவோம், அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.

தேரிக்கு முகம் உண்டு. காற்று ஏறும் பக்கம் சரிவாக இருக்கும், அது முதுகு. மற்றப் பக்கம் செங்குத்தாக விழும், அது முகம். கோமுவுக்கு ஒன்பதாம் மாதம் நடந்தபோது ஒருநாள் காலையில் மார்புச்சேலை நனைந்திருந்தது. சிலருக்கு முன்கூட்டியே சீம்பால் கசியும், பயப்பட ஒன்றுமில்லை என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் நாங்கள் பார்த்தபோது தேரி சுட்டியைப் பார்க்கவில்லை, காற்றுக்கு எதிராகத் திரும்பி உட்கார்ந்து கோமுவின் கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மந்திரமூர்த்தி உடனே ஆட்டோ பிடித்து அவளை டவுனுக்குக் கொண்டுபோகப் பார்த்தான். ஆட்டோ உப்பளத்துச் சாலை திரும்புவதற்குள் தேரி எழுந்துவிட்டது. அதற்கும் அவளுக்கும் நடுவில் நாற்பது வீடுகள் இருந்தன, பள்ளிக்கூடம் இருந்தது, உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள். நாங்கள் எல்லாரும் சாலைக்கு ஓடி ஆட்டோவைக் கையால் பிடித்து நிறுத்தினோம். கோமு தானாகவே இறங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் தேரி இருந்த இடத்தில் மறுபடி படுத்தது. வடக்குத் தெருவில் கடைசி மூன்று வீடுகளுக்கு வாசல் இல்லாமல் போயிருந்தது.

அன்று சாயங்காலமே ஆலமரத்தடியில் ஊர் கூடியது. தங்கப்பழம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனி பேச்சு எதுக்கு? ஆட்டை அறுத்திருவோம். தாய் போனா அது மண்ணுதானே" என்றார். சரி சரி என்றது கூட்டம், நானும் சரி என்றுதான் சொன்னேன்.

ஆவுடைத்தங்கம் கூட்டத்துக்கு வெளியே கம்பை ஊன்றி நின்றாள். "அறுங்க. கத்தியை நானே தாரேன். தாய் செத்த குட்டி எங்க போவும்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? பால் வாடை அடிக்கிற எடத்துக்குப் போவும். எந்த மடியா இருந்தாலும் போயி முட்டும். இன்னும் இருவது நாள்ல இந்த ஊர்ல யாரு மேல பால் வாடை அடிக்கும், சொல்லுங்க தலைவரே" என்றாள். அதைச் சொல்லும்வரை குரல் ஒழுங்காக இருந்தது, சொல்லி முடித்ததும் கம்பு நழுவியது, தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்குத்தான் கேட்கத் தோன்றியது. "தாயி, குட்டிக்கு எப்படிப் பால் மறக்கடிப்பிய?"

அவள் மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லாம் என் ஒரு வார்த்தையால் வந்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவள் அதை எடுத்துப் பேசவில்லை. "வாய்ல பச்சை வைக்கணும் அண்ணாச்சி. தழையை மெல்லத் தெரிஞ்சிட்டா மடியை விட்டுரும்" என்றவள், தேரியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கு யாரு தீனி காட்டினா? இத்தனை வருசமா இதும்மேல மேய்ச்சோம். ஒரு நாளாவது இதும்மேல கிடை போட்டிருக்கோமா?"

"மணல்ல கிடை போட்டா என்ன வெளையும்?" என்றார் தங்கப்பழம், பழக்கதோஷத்தில்.

"ஒண்ணும் வெளைய வேண்டாம். அது மென்னாப் போதும்."

தேரி முட்டியது. ஆலமரத்திலிருந்து காய்ந்த இலைகள் எங்கள் மேல் விழுந்தன. தங்கப்பழம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் மூங்கில் பட்டியைத் தன் தோட்டத்திலிருந்தே பிடுங்கச் சொன்னார்.

அடுத்த பதினெட்டு நாள் நாங்கள் செய்ததை அதற்கு முன் எந்த ஊரும் செய்திருக்காது. எஞ்சியிருந்த ஏழு மந்தைகளையும் காலையில் மேற்கே குடைவேலங்காட்டுக்கு ஓட்டி, வயிறு முட்ட நெற்றுத் தின்னவைத்தோம். ஆட்டின் வயிற்றில் ஊறிய வேலவிதைதான் சீக்கிரம் முளைக்கும் என்பது ஆடு மேய்க்கும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சாயங்காலம் மந்தைகளைத் தேரிக்கு ஓட்டினோம். ஆடுகள் ஏற மறுத்தன, சுட்டி முதலில் ஏறியது, பின்னால் மற்றவை போயின. பெண்கள் கடலோரத்தில் மிச்சமிருந்த அடம்பங்கொடிகளைக் கணுக்கணுவாக நறுக்கிக் கூடையில் சுமந்து வந்தார்கள், நாங்கள் முருங்கைக் கிளைகளை வெட்டிக் காற்றுத் தடுப்புக்கு ஊன்றினோம். ஊரே அதன் முதுகில் ஏறி வேலை செய்தது, ஒருத்தரும் சத்தமாகப் பேசவில்லை. வெறுங்காலோடு ஏறியவர்களுக்குத் தெரியும், மணல் காலடியில் மூச்சு விட்டது. பயத்தில் எனக்கு இரண்டு தடவை வேட்டி நனைந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை, நனையாத ஆம்பிளை ஊரில் யாரும் இல்லை.

முதல் கிடை கிடந்த இடத்தை விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வற்றல் மிளகாய் நிறத்து மணல் அங்கே மட்டும் கறுத்து, குளிர்ந்து, கையில் எடுத்தால் உதிராமல் பிடியாக நின்றது. காற்று அடித்தும் குளம்படிகள் அழியவில்லை. ஒவ்வொரு நாளும் பட்டியை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் தெற்கு முகம் பூராவும் கிடை போட்டோம். ஐப்பசி அடைமழை மூன்று நாள் பெய்தது. மழை விட்ட மறுநாள் அடம்பு கண்விட்டது, குடைவேல் இரண்டு இலையோடு எழுந்தது, யாரும் போடாத கொழிஞ்சியும் எங்கிருந்தோ வந்தது. ஆடுகளைக் கீழே இறக்கிவிட்டு, ஒரு வாய்கூட அதில் மேயாதபடி சுற்றி முள் வைத்தோம்.

அதற்குப் பிறகு முட்டு குறைந்தது. முகம் மட்டும் திரும்பவில்லை, கோமுவின் கொல்லைக் கதவைப் பார்த்தபடியே இருந்தது.

"பச்சை வச்சாச்சு. இனிமே தாய் கண்ணுல படக்கூடாது, தாய்க் கொரல் காதுல விழக்கூடாது. நாலு ஊர் தள்ளிக் கொண்டுபோயிரணும்" என்றாள் ஆவுடைத்தங்கம். பிறகு தன் வலது கையை முகர்ந்து பார்த்தாள். "என் கையும் போவணும் அண்ணாச்சி. குட்டியை வெளிய இழுத்துப் போட்ட கை, அந்த மணல்லயே தேய்ச்சுக் கழுவின கை. மொதல்ல அது மோந்தது இதைத்தான்."

பிரசவம் முடிந்ததும் போகலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் ஐப்பசி கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில் கோமுவுக்கு இடுப்புவலி கண்டது, கண்ட அதே நேரத்தில் கட்டுத்தறியில் கிடந்த சுட்டி அவள் முனகலுக்குப் பதில் குரல் கொடுத்தது, தேரியின் உச்சியில் மணல் கொதிக்கிற மாதிரி அசைந்தது. இரண்டு பக்கமும் கூப்பிட்டால் அது எழுந்தே தீரும். ஒன்று போக வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது.

ஆவுடைத்தங்கம் வாசற்படிக்கு வெளியே நின்று மகளைப் பார்த்தாள், உள்ளே போகவில்லை.

"இரும்மா. ஒரு மணி நேரம் இரி. பயமா இருக்கும்மா" என்றாள் கோமு.

"நான் இருந்தா அது வரும்ட்டி."

"கையையாவது பிடிச்சுட்டுப் போ."

ஆவுடைத்தங்கம் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். சுட்டியின் வாயைப் பனைநாரால் கட்டி, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, மேற்குச் சாலையில் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வேகமாக நடக்கிறவள்தான், அன்றைக்கு அந்தச் சாலை முடிவதற்கு வெகுநேரம் ஆனது.

ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. மாடுகளுக்கு வாய்க்கூடு போட்டோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பினோம், கோவில் மணியின் நாக்கில் துணியைச் சுற்றினோம். நர்சம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஆண்கள் நாங்கள் தேரிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் வரிசையாக நின்றோம், கையில் வேப்பங்குழை வைத்திருந்தோம், மூன்று பனை உயரத்து மணலை வேப்பங்குழையால் என்ன செய்வதாக இருந்தோம் என்று கேட்டால் பதில் கிடையாது. கோமு வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டு கத்தாமல் வலியைத் தின்றாள், ஆறு மணி நேரம் தின்றாள். வெளியே எங்களுக்கு அவள் மூச்சு மட்டும் கேட்டது. தேரி மேற்கே ஒருதரம், தெற்கே ஒருதரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

உச்சிவெயில் சாய்ந்த நேரத்தில் பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளையின் வாயில் யார் கயிறு கொடுக்க முடியும்? அது அழுதது. வீடு முழுக்க, தெரு முழுக்க, எங்கள் வயிற்றுக்குள்ளே எல்லாம் கேட்கும்படி அழுதது.

தேரி இறங்கியது. உச்சியிலிருந்து ஒரு பனை அளவு மணல் மொத்தமாகச் சரிந்து எங்களைப் பார்த்து வந்தது, வரும் சத்தம் தாய்மடி தேடும் குட்டியின் செருமலாகவே கேட்டது, தங்கப்பழம் என் கையை இறுகப் பிடித்தார், நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மனிடம், ஆலமரத்தை மறுத்தது நீயில்லை தாயே, என் வாய்தான் கெட்டது என்றேன். சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தபோது அந்த மணல் பாதி வழியில், பச்சை தொடங்கும் வரிசையில், அடம்பங்கொடிகளுக்குள் தலையை நுழைத்து நின்றுகொண்டிருந்தது. பிறகு ஒரு சத்தம் கேட்டது, மெதுவாக, தாடை தாடையாக. ஆடு வளர்த்த ஊரில் அந்தச் சத்தத்தை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது, அது மென்றுகொண்டே இருந்தது, பொழுது சாயும்வரை நாங்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

மூன்று வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் மந்தைகள் வந்தால் முதல் கிடை தேரிக்கு, அதன் பிறகுதான் தோட்டங்களுக்கு. ஒரு மந்தைக்கு மேல் அதில் மேயவிடுவதில்லை, அதுவும் தெற்கு முகத்தில் ஒரு வாய்கூட இல்லை. இளங்கொடி யார் கொண்டுவந்தாலும், கால்நாட்டியிருந்தாலும், ஆலமரத்தில் நானே கட்டிக் கொடுக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியில் நின்று அம்மா என்று கத்துவதில்லை, பக்கத்தில் வந்து சேலையைத் தொட்டுத்தான் கூப்பிடுவார்கள். சுட்டி போன வருஷம் செத்துவிட்டது, அதை ஊருக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சில மத்தியானங்களில் பார்த்தால் தேரியின் முகம் மேற்கே திரும்பியிருக்கும், அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது.

ஆவுடைத்தங்கம் திரும்பி வரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கோமுவையும் பிள்ளையையும் நான் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன், நாலு ஊர் தள்ளிச் சாலை பிரியும் ஒரு விலக்கு, அங்கே புளியமரத்தடியில் கம்போடு நிற்பாள். இந்தத் தடவை பிள்ளை, ஆச்சி என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். ஆவுடைத்தங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து, மரத்தில் முதுகு இடித்ததும் நின்றாள். தொட்டால் அந்த வாடை பிள்ளையோடு ஊருக்கு வந்துவிடும். குனிந்து, கண்ணால் பிள்ளையை உச்சி முதல் கால்வரை தடவிப் பார்த்தாள். "நல்லாச் சாப்பிடுதாளா?" என்று மகளிடம் கேட்டாள். சாப்பிடுதா என்றாள் கோமு, அழுதுகொண்டு.

பஸ் வந்தது. அவர்களை ஏற்றிவிட்டு நான் படியில் கால் வைத்தபோது அவள் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணாச்சி, அது மேயுதா?"

"மேயுது தாயி. நல்லா மேயுது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், கண்ணைத் துடைக்கவும் அந்தக் கைகளை எடுக்கவில்லை. பஸ் நகர்ந்தபோது கூடவே இரண்டு எட்டு நடந்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நான் கேட்டேன்னு அதுகிட்டச் சொல்லிராதிய."